பத்து கம்பி, ரெண்டு கால், ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டி

ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. வந்ததும் மொக்கை போடாம உருப்படியா ஒண்ணு எழுதலாம்னு உத்தேசம். பெடல் ஸ்டீல் கிடாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி தேவையா, இல்லையா? "ரொம்ப முக்கியம்"னு நீங்க முணுமுணுக்கிறது டெக்சாஸ் வரைக்கும் கேக்குது :-)

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நம்ம கோட்டுவாத்தியம் மாதிரி கம்பி மேல உருளையை இழைச்சு வாசிக்கிற வாத்தியம் இது. மேசை மாதிரி நாலு கால்ல நிக்கும், ஒரு கழுத்துக்குப் பொதுவா பத்து கம்பி. இடது கையில எஃகு உருளை, வலது கையில விரல் பிக், இடது கால்ல மூணு பெடல், முழங்காலால தள்ள நாலஞ்சு லீவர், வலது கால்ல வால்யூம் பெடல். ஒரு பெடலை மிதிச்சா குறிப்பிட்ட கம்பி மட்டும் சுருதி ஏறும், மத்ததெல்லாம் அப்படியே நிக்கும். 1954-ல ஹிட்டான வெப் பியர்ஸோட 'ஸ்லோலி' பாட்டுல பட் ஐசக்ஸ் இப்படி வாசிச்சதும் நாஷ்வில்லே திரும்பிப் பாத்துது.

இப்ப கணக்குப் போடுங்க. ரெண்டு கை, ரெண்டு கால், ரெண்டு முழங்கால், எல்லாம் பிஸி. இந்த லட்சணத்துல தரையில வச்சு காலால அமுக்குற மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை வாங்கிட்டு வந்தா எதால அமுக்குறது? மூக்காலயா? தங்கமணி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

இதுல ரெண்டு கட்சி உண்டு. முதல் கட்சி, "ஸ்டீல்னா சுத்தமா இருக்கணும், எஃபெக்டே தீட்டு" கட்சி. அவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. பீட் ட்ரேக் 1964-லயே வாயில குழாயை வச்சு ஸ்டீலைப் பேச வச்சார், 'ஃபாரெவர்' பாட்டுல. ஸ்னீக்கி பீட் க்ளைனோ 1969-ல ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் ஆல்பத்துல ஃபஸ் போட்டு உறும வச்சார். 1983-ல பிரையன் ஈனோவோட 'அப்பல்லோ' ஆல்பத்துல டேனியல் லான்வா வாசிச்ச ஸ்டீல் விண்வெளியில மிதக்கும். மரபு, புனிதம்னு பேசுறவங்க முதல்ல இதையெல்லாம் கேக்கட்டும்.

ரெண்டாவது கட்சி, "இருக்கிற எல்லாத்தையும் ஆன் பண்ணு" கட்சி. போன வருஷம் வரைக்கும் அதுல நான் உறுப்பினர். ரிவர்ப், டிலே, கோரஸ் மூணையும் போட்டு ஹெட்போன்ல வாசிச்சா கோயில் மண்டபத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். நமக்குத் திறமை வந்துருச்சுன்னு ஒரு மிதப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன குழுவோட வாசிச்சுக்கிட்டும் இருந்தேன். ஒரு நாள் அவங்க நிகழ்ச்சிக்கு வேற ஸ்டீல்காரரைக் கூப்பிட்டுட்டாங்க. காரணம் யாரும் சொல்லல. ரெண்டு வாரம் மனுஷனுக்குத் தூக்கம் இல்ல.

காரணத்தைச் சொன்னது அந்தப் பெட்டியேதான். கம்ப்யூட்டர்ல பதிவு பண்றப்ப எஃபெக்ட் போட்ட ஒலி ஒரு ட்ராக்ல, போடாத ஒலி இன்னொரு ட்ராக்ல போற வசதி அதுல இருக்கு. ஒரு ராத்திரி அந்த ரெண்டாவது ட்ராக்கை மட்டும் கேட்டேன். 15-ஆம் கட்டத்துக்கு மேல போனா எல்லா ஸ்வரமும் தொங்குது! ட்யூனர்ல பாத்தா 20 சென்ட் கீழ. நூறு சென்ட் சேந்தாதான் அரை ஸ்வரம், ஆனா பக்கத்துல ஃபிடில் வாசிக்கிறவருக்கு அந்த 20 போதும், பல் கூசியிருக்கும்.

ஏன் இப்படின்னு யோசிச்சா விஷயம் எளிசு. கட்டத்தோட கோடு பலகையில கீழ இருக்கு, உருளை கம்பி மேல இருக்கு. வலது பக்கக் கட்டங்களைச் சாய்வாப் பாத்துட்டு உருளையை வச்சா, கோட்டுக்கு நேரா இருக்குன்னு நினைச்சு கொஞ்சம் இடது பக்கமா வச்சிருவோம். சுருதி இறங்கும். கண்ணை நம்பாம காதை நம்பினா திருத்திக்கலாம். என் காதுல விழுந்தது கோரஸ். அதோட வேலையே சுருதியை மேலயும் கீழயும் ஆட்டுறது. அதுக்கு மேல டிலே, முந்தின ஸ்வரத்தைப் புது ஸ்வரத்தோட குழப்பி விடும். தப்பு எங்கன்னு எப்படித் தெரியும்?

அதனால என் கட்சி மூணாவது. பெட்டி வேணும், ஆனா பயிற்சிக்கு வேணாம். நாலு மாசம் வெறும் ஸ்டீல், சுருதிப்பெட்டி, அவ்வளவுதான். அழுகையா வந்துது. அப்புறம்தான் பெட்டியை எடுத்தேன்.

அதுலயும் சில விஷயம் கத்துக்கிட்டேன். ஸ்டீலோட பிக்கப் சாதா கிடாரை விட ரொம்ப பலமானது, அதனால இன்புட்டைக் குறைச்சு வைக்கணும், இல்லன்னா ஒலி உடையும். ஸ்டீல் ஆம்ப்ல செருகுறதா இருந்தா பெட்டிக்குள்ள இருக்கிற ஆம்ப் மாடலை அணைச்சிரணும். வால்யூம் பெடல் டிலேக்கும் ரிவர்ப்புக்கும் முன்னாடி வரணும், அப்பதான் காலை எடுத்தாலும் எதிரொலி தானா அடங்கும். முழு கார்டுக்கு டிஸ்டார்ஷன் வேணாம். ரெண்டு கம்பி ஏற, மத்தது நிக்க, உரசி அலறும். பெட்டியைக் கைக்கு எட்டுற உயரத்துல ஒரு ஸ்டாண்டுல வச்சு, ஒரே ஒரு டிலே, ஒரே ஒரு ரிவர்ப், நிகழ்ச்சி முழுக்க அதே செட்டிங். கோரஸ்? மூச்.

குழுவுல திரும்பக் கூப்பிட்டாங்களான்னு கேக்காதீங்க. போன சனிக்கிழமை ஒரே ஒரு பாட்டுக்கு உக்காரச் சொன்னாங்க. பெட்டியை வீட்டுலயே விட்டுட்டுப் போனேன். ஃபிடில்காரர் ஒருதரம் திரும்பிப் பாத்தார். முகம் சுளிக்கல.

டிஸ்கி: முதல் கட்சிக்காரங்க, ரெண்டாவது கட்சிக்காரங்க, எல்லாரும் வந்து தாராளமா கும்மலாம். நான் சுருதி சேத்துக்கிட்டு இருக்கேன், மெதுவா பதில் சொல்றேன்.