தொட்டியில் இறங்குகிறவர் வீட்டில்...



போன மாதம் ஒரு ராத்திரி எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு உங்க மாமாவுக்குத் தொட்டி கழுவுற வேலையாம். கூலி கூடத் தர்றாங்களாம். போகட்டுமா, வேணாமா?" என்றார். மாமாவுக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை. எங்கள் ஒடுகத்தூரிலிருந்து அப்படிப் போகிறவர்கள் நிறைய.

தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுத் தண்ணீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது! 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பதுதான் வினை. காற்றைவிடக் கனமானதால் அது அடியிலேயே தங்கும். சேற்றைக் கிளறினால் எழும்பும். விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான்.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவிலேயே இதற்கு வழி எழுதியிருந்தது. தொட்டியில் வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக் கருவி மாட்டி, பெல்ட்டில் கயிறு கட்டி, மறுநுனியை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

வேலை நேரத்தில்தான் ஆபத்து என்றும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், பாவம்.

அப்புறம் ஈ.எஸ்.ஐ. அட்டை. அதை நாம்தான் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். ஆண்கள் சட்டைப்பையோடு துவைக்கப் போட்டுவிடுவார்கள்! வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால், சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு. உயிர் போனால் மனைவி மக்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. அடிபட்ட அன்றே விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஷூ கம்பெனிக்குப் போகிற சகோதரிகளே, உங்களுக்கும் இதேதான்.

மறுநாள் மாமா, "வாயு சோதிச்ச சீட்டு எங்கே?" என்று கேட்டாராம். மேஸ்திரி சிரித்தாராம். மாமா இறங்கவில்லை, அன்றைய கூலி போயிற்று. வேறொரு பையன் இறங்கினான். நல்லவேளை, ஏறிவிட்டான். அக்காவுக்கு இன்னும் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.