பச்சை விளக்கை மட்டும் நம்பலாமா?

பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, சம்பளக் கணக்கு எழுதுவது எனப் பல வேலைகள் இப்போது கிளவுட் சாப்ட்வேருக்கு மாறி வருகின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, சிறு தொழில் நடத்துபவர்கள் பலரும் இதையே தேர்ந்தெடுக்கின்றனர். புரோகிராம் நம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்காது. எங்கோ உள்ள சர்வரில் இயங்கும். நாம் பிரவுசரில் திறந்து பயன்படுத்துவோம். நம் ஹார்ட் டிஸ்க் கெட்டாலும் கணக்கு பத்திரமாக இருக்கும். நல்ல வசதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நம் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம் மெதுவானால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து ராம் நிறைந்துவிட்டதா, பிராசசர் திணறுகிறதா எனப் பார்த்துவிடலாம். கிளவுட் சாப்ட்வேர் மெதுவானால் அந்த சர்வரை நாம் எட்டிப் பார்க்க முடியாது. மாலையில் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, அல்லது ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதியன்று, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் யாரைக் கேட்பது? அந்த நிறுவனத்தைக் கேட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது" என்ற பதில் வரும். இன்டர்நெட் இணைப்பு தருபவரும் அதையேதான் சொல்வார்.

99.9 சதவீதம் என்றால் என்ன?

"99.9 சதவீத நேரம் இயங்கும்" எனப் பல நிறுவனங்கள் உறுதி தருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் மீதமுள்ள 0.1 சதவீதம் என்பது 43 நிமிடங்கள். அந்த 43 நிமிடங்கள் நள்ளிரவில் வந்தால் யாருக்கும் தெரியாது. மாலை 6 மணிக்கு வந்தால் அன்றைய வியாபாரமே போய்விடும். ஒப்பந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில், சர்வர் பதிலே தராமல் போனாலோ, பிழைச் செய்தி தந்தாலோதான் அது கோளாறு. 20 விநாடி கழித்து பதில் தந்தால் "இயங்கியது" என்றே கணக்கில் சேரும். ஈடு கேட்பதானால், குறித்த நாட்களுக்குள் நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அவர்கள் அளப்பதில்லையா?

சாப்ட்வேர் எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நிறுவனங்கள் நிச்சயம் அளக்கின்றன. ஒரு சிறு புரோகிராம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே லாக் இன் செய்து, ஒரு பக்கத்தைத் திறந்து, ஆன நேரத்தைக் குறித்துக் கொள்ளும். ஆனால் இது பெரும்பாலும் வேகமான இணைப்புள்ள டேட்டா சென்டரில் இருந்து ஓடுகிறது. சிறு ஊரில், பழைய ரௌட்டரும் 4 ஜிபி ராமும் வைத்திருப்பவரின் அனுபவம் இதில் தெரியாது.

அடுத்தது, சராசரி என்னும் மாயை. 10 பில்களில் 9 பில்கள் ஒரு விநாடியிலும், ஒன்று 21 விநாடியிலும் முடிந்தால் சராசரி 3 விநாடிதான். ஆனால் அந்தப் பத்தாவது பில்லுக்குக் காத்திருந்த வாடிக்கையாளர் எழுந்து போயிருப்பார்.

நிறுவனங்கள் தங்கள் சேவையின் நிலையைக் காட்ட ஒரு ஸ்டேட்டஸ் பக்கம் வைத்துள்ளன. பச்சை இருந்தால் நலம் என்று பொருள். 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 என்னும் பைல் சேமிப்பு சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பாதிக்கப்பட்டது. ஊழியர் ஒருவர் தந்த கட்டளையில் ஒரு பிழை; நீக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், ஸ்டேட்டஸ் பக்கத்தை மாற்றும் வசதியும் அதே எஸ்3 சேவையை நம்பியே இருந்தது. எனவே சுமார் இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தில் சேவைகளின் நிலையை மாற்றவே முடியவில்லை. இதை அமேசானே தன் விளக்க அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், கோளாறு எங்கே எனப் பிரித்துப் பாருங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்பு விண்டோவில் பிங் என ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 எனக் கொடுத்து என்டர் தட்டுங்கள். இது கூகுளின் ஒரு சர்வர். நான்கு வரிகளில் பதில் வரும். மில்லி செகண்ட் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கினாலோ, "டைம்டு அவுட்" என வந்தாலோ, முதலில் உங்கள் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, குரோம் பிரவுசரில் ஷிப்ட் மற்றும் எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தினால் அதற்கென உள்ள டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். எந்த டேப் மெமரியை விழுங்குகிறது என்பது தெரியும். இவை இரண்டும் சரியாக இருந்தும் பில் பக்கம் மட்டும் இழுத்தால், கோளாறு பெரும்பாலும் மறுமுனையில்தான்.

மூன்றாவதாக, ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை விநாடி என எழுதி வையுங்கள். "அடிக்கடி மெதுவாகிறது" என்று புகார் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். "செவ்வாய் மாலை 6.10க்கு பில் சேமிக்க 25 விநாடி ஆனது, பிங் சீராக இருந்தது" என்று எழுதினால், எந்த சப்போர்ட் இன்ஜினியரும் தன் சர்வர் பதிவில் அந்த நேரத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

நிறுவனங்களும் மாற வேண்டும். இயங்குகிறதா என்பதோடு, எவ்வளவு வேகத்தில் இயங்குகிறது என்பதையும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளியிட வேண்டும். மாதச் சந்தா கட்டும் நமக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அடுத்த முறை கிளவுட் சாப்ட்வேர் வாங்கும் முன், விலையோடு இந்தக் கேள்வியையும் கேளுங்கள். இலவச சோதனைக் காலத்தில், உங்கள் கடையின் பரபரப்பான நேரத்தில், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.