ஊசிமுனையை மாற்றினால் போதாது

மத்தியப் பிரதேசத்தின் சாகர் நகரில், 2022 ஜூலையில், பள்ளி ஒன்றில் கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒரே சிரிஞ்சால் 30-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஊசி போடப்பட்டது. பெற்றோர் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, “ஒரு சிரிஞ்சுதான் கொடுத்தனுப்பினார்கள்” என்றார் ஊசி போட்டவர். அவர்மீது வழக்குப் பதிவானது, சரிதான். ஆனால், மறுபடி மறுபடி மருந்தை ஏற்ற இடம்கொடுக்கும் சிரிஞ்சு அவர் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் நம் கேள்வி.

2009-இல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய சிரிஞ்சுகளால் ஹெபடைடிஸ்-பி பரவிப் பல உயிர்கள் போயின. 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், மலிவு வைத்தியம் தேடிய ஏழைகள் பலருக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அங்கும் சந்தேகம் விழுந்தது பழைய ஊசியின் மேல்தான்.

“ஊசிமுனையைத்தான் மாற்றிவிட்டோமே” என்பது சில கிளினிக்குகளில் கேட்கிற சமாதானம். இது கொடிய அறியாமை. மருந்து இறங்கியபின் முனையைக் கழற்றும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் குழலுக்குள் ஏறிவிடலாம். வைரஸுக்கு அது போதும். அதே குழலில் புது முனையைச் செருகிப் பலருக்கான மருந்துக் குப்பியில் குத்தினால், குப்பி முழுவதுமே கெட்டுப்போகலாம்.

இதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் சிரிஞ்சைப் பாருங்கள்: ஒருமுறை கடைசிவரை அழுத்தியதும் பிஸ்டன் பூட்டிக்கொள்கிறது. பலம்கொண்டு இழுத்தால் தண்டு முறியுமே தவிர, மீண்டும் மருந்து ஏறாது. தசையிலும் தோலுக்கடியிலும் போடும் எல்லா ஊசிகளுக்கும் மறுபயன்பாட்டைத் தடுக்கும் சிரிஞ்சுகளுக்கே 2020-க்குள் மாறுமாறு, 2015-இலேயே உலக சுகாதார அமைப்பு கேட்டுக்கொண்டது. அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. கைக்குழந்தைக்குக் கிடைக்கும் இந்தக் காவல், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அதன் தாய்க்கு ஏன் இல்லை?

விலை கூடும் என்பார்கள். கூடட்டும். ஹெச்.ஐ.வி. தொற்றியவர் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். அந்தச் செலவுக்கு முன் இது எம்மாத்திரம்? நேர்மையான மருத்துவருக்கு இது அவமதிப்பு என்றும் சொல்வார்கள். அவருக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. பழைய சிரிஞ்சைக் கழுவி, புது உறையில் போட்டு விற்பவருக்குத்தான் பிழைப்பு கெடும்.

மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்கு ஊசி கேட்டு அடம்பிடிப்பதை நாமும் விட வேண்டும். ஊசி தேவைதான் என்றால், உறையை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. ஆனாலும் நோயில் துவண்டு உட்கார்ந்திருப்பவர் தலையில் இந்தக் காவல் வேலையைக் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. தனியார் கிளினிக்குகள் உட்பட எல்லா இடங்களிலும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சை மத்திய சுகாதார அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு ஒரு தேதியையும் குறிக்க வேண்டும்.