ரெண்டு உயிருக்குச் சாப்பாடா, ரெண்டு தட்டுச் சோறா?

தாய்மார்களே, மாமியார்மார்களே, முக்கியமாக வீட்டுக்காரர்களே!

"புள்ளத்தாச்சிப் பொண்ணு, ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று சொல்லாத வீடு நம் லயங்களில் கிடையாது. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு தட்டில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி, பத்து மணிக்குப் பீசாங் கோரெங், மத்தியானம் மலை போலச் சோறு, ராத்திரி நெய் மிதக்கும் கேசரி. மீன் துண்டு மட்டும் வேலைக்குப் போகிற ஆம்பளைக்கு! இது ரெண்டு உயிருக்கான சாப்பாடே அல்ல என்பேன் நான்.

முதல் மூன்று மாதத்தில் கூடுதல் சாப்பாடு பெரிதாகத் தேவையில்லை. கடைசி மூன்று மாதத்தில்கூட நாளுக்கு 450 கலோரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரு மேசைக் கரண்டி எண்ணெயே 120 கலோரி. சட்டியில் நாலு கரண்டி அதிகம் ஊற்றினால் கணக்கு முடிந்தது. அதில் பிள்ளைக்கு என்ன சத்து சேர்ந்தது?

எடை எவ்வளவு கூடலாம் என்று கேட்பார்கள். ஒல்லியான பெண் 12½ முதல் 18 கிலோ, அளவான உடம்புக்காரி 11½ முதல் 16, கொஞ்சம் பருமனானவள் 7 முதல் 11½, ரொம்பப் பருமன் என்றால் 5 முதல் 9 கிலோ. உயரத்தையும் எடையையும் பார்த்து நீங்கள் எந்த வகை என்று கிளினிக் மிசி சொல்வார். கூடுவதெல்லாம் கொழுப்பு அல்ல. பிள்ளை 3 கிலோ, நஞ்சு அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குடத் தண்ணீர் ஒரு கிலோவுக்குக் கிட்ட. மிச்சம் ரத்தம், மார்பு, கர்ப்பப்பை, பால் கொடுப்பதற்கு உடம்பு சேர்த்து வைக்கும் சேமிப்பு.

சில இளம்பெண்கள் இதற்கு நேர்மாறு. குண்டாகிவிடுவோம் என்று மீன், முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் ஒதுக்கி அரைவயிறு கிடக்கிறார்கள். இதுவும் தப்பு. கர்ப்பத்தில் உடம்பை இளைக்க வைக்கக் கூடாது. பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் டி.எச்.ஏ. என்ற ஒருவகைக் கொழுப்பு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில்தான் அது அதிகமாகச் சேருகிறது. அது இருப்பது மீனில். விலை கூடின சால்மன் எதற்கு? கெம்போங் மீன், சார்டின், நன்றாகக் கழுவி உப்புப் போக்கின நெத்திலி போதும். வாரத்தில் ரெண்டு மூன்று நாள் குழம்பு வைத்துக் கொடுங்கள். சுறா மட்டும் வேண்டாம். அதில் பாதரசம் அதிகம். பால் சுரக்கும் என்று பிரசவத்துக்குப் பிறகு சுறாப்புட்டு செய்யும் பாட்டிமாரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு கைப்பிடி கச்சான் நல்லது. கீரைக் கறியில் ஒரு கரண்டி எண்ணெய் இருக்கட்டும், கீரையின் ஏ வைட்டமின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும்.

நாம் வெட்டுகிற குலையிலிருந்து வரும் செம்பனை எண்ணெய் கெடுதலா? விஷமும் அல்ல, அமிர்தமும் அல்ல. அதில் பாதிக்குக் கிட்ட ரத்தக் கொழுப்பைக் கூட்டும் வகை. தாளிக்க அளவாக ஊற்றலாம். பொரித்த எண்ணெயையே கறுக்கும்வரை காய்ச்சுவதுதான் கெடுதல்.

எட்டாம் மாதம் முதல் நெய் குடித்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம்! குடித்த நெய் குடலுக்குப் போகும், கர்ப்பப்பைக்கு அல்ல. எடைதான் ஏறும்.

நம் இனத்துக்கு இது விளையாட்டல்ல. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசிய இந்தியர்களில் 100-க்கு 31 பேருக்குச் சீனி வியாதி. கர்ப்பத்தில் சீனி ஏறினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவத்தில் தோள் சிக்கலாம், ஆப்பரேஷன் வரை போகலாம். ஆகவே கிளினிக்கில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, சீனித் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுக்கும் சோதனைக்குப் பயந்து ஒளியாதீர்கள்.

குடித்த பிறகு ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு காலைப்பொழுது போய்விடும். அன்றைய சம்பளத்தைப் பிடிக்கிற தோட்டமும் உண்டு. அதனாலேயே சிலர் போவதில்லை. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளானது. அதற்கு முந்தின கிளினிக் நாளுக்கும் சம்பளம் வெட்டக் கூடாது என்று நம் சங்கம் கேட்க வேண்டும். கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுக்கட்டும்.