தாய் யந்திரமும் சுதேசியமும்

சுதேசியம் என்னும் சொல்லை நம் நாட்டார் கேட்கத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. துணி, சர்க்கரை, மருந்து, மோட்டார் வண்டி, ராக்கெட்டு என்று இத்தேசத்தில் செய்யப்படும் பொருள்களின் ஜாபிதா ஆண்டுதோறும் நீண்டு வருகிறது. இது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆயினும், இப்பொருள்களைச் செய்யும் யந்திரம் எங்கே செய்யப்பட்டது, அந்த யந்திரத்தைச் செய்த யந்திரம் எங்கே செய்யப்பட்டது என்று இரண்டு படி மேலேறிக் கேட்போமானால், நமது மகிழ்ச்சி சற்றுக் குன்றவே செய்யும். கனரகத் தொழில்களுக்கு உயிர்நிலையாக விளங்கும் பெரிய 'போரிங்' யந்திரங்களைப்பற்றி இன்று நாம் எழுத முற்பட்டது இக்காரணத்தினாலேயாம்.

பூமியில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கும் கருவியை இங்கு நாம் குறிப்பிடவில்லை. வார்ப்பிலே முன்பே உள்ள துளையைக் கத்தியால் உட்புறமாகக் கடைந்து, வட்டம் பிசகாமலும் அச்சுக் கோணாமலும் வேண்டிய அளவிற்குக் கொண்டுவரும் உலோக வேலை யந்திரத்தையே குறிப்பிடுகிறோம். மின்சார நிலையத்து டர்பைனின் உறை, கப்பல் எஞ்சினின் சட்டம், இரும்பாலையில் தகடு உருட்டும் யந்திரத்தின் தூண், முப்பந்தலில் சுழலும் காற்றாலையின் இறக்கைகளைத் தாங்கும் நடுக்குடம் ஆகிய இவை போன்ற பேருறுப்புகளெல்லாம் இத்தகைய யந்திரத்தின் முன் வந்து நின்ற பின்னரே உபயோகத்திற்கு ஏற்றவையாகின்றன. பல டன் எடையுள்ள வார்ப்பு அசையாமல் மேடைமீது நிற்க, மாடிவீட்டின் உயரமுள்ள தூண் ஒன்று நீண்ட அடித்தளத்தின்மீது ஊர்ந்துவந்து தன் சுழல்தண்டை நீட்டி வேலை செய்யும். பத்து மீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நீண்டுவிடும். இந்த யந்திரத்தினிடம் எதிர்பார்க்கப்படும் துல்லியமோ நூறிலொரு பங்கு என்னும் கணக்கில் அமைந்தது. இதைச் செய்து முடிப்பது எத்துணை அரிய காரியம் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த யந்திரத்தின் பெருமையைச் சரித்திரம் நன்கு விளக்குகிறது. ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினுக்கு 1769-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் அந்த எஞ்சின் பயன்தரவில்லை. அவருடைய கருத்தில் பிழை இருந்ததில்லை. உருளையின் உட்புறம் நேர்வட்டமாக இல்லாமையால் நீராவி பக்கங்களில் கசிந்து வீணாயிற்று. அக்காலத்துக் கருவிகளில் கடையும் தண்டு ஒருபுறம் மட்டுமே தாங்கப்பட்டிருந்தது. ஆகவே அது வார்ப்பின் கோணலைத் திருத்தாமல் அக்கோணலின் வழியே சென்றது. இரும்புத் தொழிலதிபரான ஜான் வில்கின்ஸன் என்பவர் 1774-ல் பீரங்கி குடைவதற்குப் புதுமுறை கண்டு காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில், உருளையினூடே தண்டைச் செலுத்தி அதன் இரு முனைகளையும் தாங்கவைத்துக் கடையும் யந்திரத்தை அமைத்தார். ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையில் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகு இல்லை என்று வாட்டின் கூட்டாளியான மாத்யூ போல்ட்டன் வியந்து எழுதினார். 1776-ல் வாட்டின் எஞ்சின்கள் வேலை செய்யத் தொடங்கின. உலகத்தையே மாற்றிய நீராவியுகம் ஒரு நேரான துளைக்காகக் காத்திருந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

இங்கிலாந்து இந்த உண்மையை உடனே உணர்ந்துகொண்டது. இரும்பு எஃகுத் தொழிலுக்குரிய கருவிகளை அந்நிய தேசங்களுக்கு அனுப்பலாகாது என்று அத்தேசத்துப் பார்லிமெண்டு 1785-ல் சட்டம் செய்தது. கைதேர்ந்த தொழிலாளி கடல் கடந்து பிழைக்கப் போவதும் குற்றமென விதிக்கப்பட்டிருந்தது. தொழிலாளியின்மீதிருந்த தடை 1824-லும், யந்திரங்களின்மீதிருந்த தடை 1843-லுமே நீங்கின. அதற்குள் இங்கிலாந்து உலகத்தின் தொழிற்சாலையாகி விட்டது. தடையற்ற வியாபாரமே தர்மம் என்று பிற்காலத்தில் உலகுக்கு உபதேசித்தவர்கள், தாங்கள் முன்னேறும்வரை எந்தத் தர்மத்தை அனுஷ்டித்தார்கள் என்பதை இச்சட்டங்கள் ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றன.

அடிமைப்பட்டிருந்த நமது தேசம் அடைந்த பலன் யாது? 1853-ல் இங்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. 1895-ல் ஆஜ்மீர் பட்டறையில் ஒரு ரயில் எஞ்சின் முழுமையாகச் செய்யப்பட்டது. நம் தொழிலாளிக்குக் கைத்திறன் இல்லை என்ற வாதம் அன்றே பொய்யாயிற்று. அங்ஙனமிருந்தும், சுதந்திரம் வரும்வரை எஞ்சின்களில் மிகப்பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்தே வந்தன. சித்தரஞ்சன் தொழிற்சாலை வேலை தொடங்கியது 1950-ல்தான். தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் கப்பல்களை அந்நிய நாட்டிலிருந்தே வாங்க நேர்ந்தது. அது அப்பெரியாருடைய குறையன்று. கப்பலின் எஞ்சினைக் கடையும் யந்திரம் இத்தேசத்தில் இல்லாதபடி ஆட்சி நடத்தியவர்களின் குறையேயாகும்.

அந்த ஆட்சி ஒழிந்தது. ஆனால் யந்திரத்தை ஆயுதமாகக் கொள்ளும் வழக்கம் ஒழியவில்லை. ஜப்பானிய தேசத்து டோஷிபா மெஷின் கம்பெனி, கப்பலின் உந்துசுழலியைக் கடையும் யந்திரங்களைச் சோவியத் தேசத்திற்கு விற்றது என்பது 1987-ல் வெளியானபோது, அமெரிக்காவில் எழுந்த கோபம் இரு தேசங்களின் உறவையே உலுக்கிற்று. நாம் 1998-ல் அணுகுண்டுச் சோதனை நடத்தியவுடன் நமது விஞ்ஞான ஸ்தாபனங்கள் பலவற்றிற்கு அமெரிக்கா சரக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்திற்று. நுட்பமான உலோக வேலை யந்திரங்களின் ஏற்றுமதியைக் கண்காணிக்கும் வாஸனார் உடன்படிக்கை 1996 முதல் நடந்து வருகிறது. அதில் 2017-ல் நாமும் சேர்ந்திருக்கிறோம். சேர்ந்தது நன்றே. ஆயினும், விற்பவனுடைய தயவு எந்நாளும் மாறக்கூடியது என்பதை மறக்கலாகாது.

சுதந்திர பாரதம் இவ்விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1958-ல் ராஞ்சியில் ஹெவி எஞ்சினீயரிங் கார்ப்பொரேஷன் நிறுவப்பட்டது. சோவியத் தேசத்தின் துணையுடன் பெரு யந்திரசாலையும், செக்கோஸ்லோவாகிய தேசத்தின் துணையுடன் வார்ப்படசாலையும், கனரக உலோக வேலை யந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையும் அங்கே எழுந்தன. 1963 நவம்பரில் ஜவஹர்லால் நேரு அதனைத் தேசத்திற்கு அர்ப்பணம் செய்தார். தாய் யந்திரங்களை இங்கேயே செய்யவேண்டும் என்பதே அதன் நோக்கம். பொக்காரோ இரும்பாலைக்கும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டு ஏவும் இரண்டாவது தளத்திற்கும் பேருறுப்புகளைச் செய்து தந்தது அந்த ஸ்தாபனமே. 2023 ஜூலையில் சந்திரயான்-3 விண்ணேறியது அத்தளத்திலிருந்துதான். ஆனால் அதே ஆண்டில் அந்த ஸ்தாபனத்துத் தொழிலாளிகள் பல மாதச் சம்பளம் கிடைக்காமல் வீதியில் நின்று முறையிட்டனர். தேசம் வாணவேடிக்கை கொளுத்திய வேளையில் இவர்களில் பலருடைய வீட்டில் கடைக்காரன் கடன் கேட்டு நின்றிருப்பான். இதனைவிட வெட்கக்கேடான நிலை வேறு யாது?

ஸ்தாபனத்தின்மீதும் குறையுண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தொடக்கமுதலே அதன் சக்திக்கேற்ற வேலை அதற்குக் கிடைத்ததில்லை, கிடைத்த வேலையும் பலமுறை காலந்தாழ்ந்தே முடிந்தது, நஷ்டம் பெருகிற்று. வெளிநாட்டில் மலிவாகவும் சீக்கிரமாகவும் கிடைப்பதை ஏன் இங்கே செய்து அல்லற்படவேண்டும் என்று கேட்பவர்கள் உளர். அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். பெரிய போரிங் யந்திரம் கடையில் அடுக்கிவைத்து விற்கும் சரக்கன்று. அடித்தளத்தின் நீளம், தூணின் உயரம், சுழல்தண்டின் பருமன், மேடை தாங்கவேண்டிய எடை, முனையிற் பொருத்தும் தலைகளின் வகை ஆகிய இவையனைத்தும் வாங்குகிறவனுடைய வேலையைப் பார்த்து, அவனோடு கூடியிருந்து தீர்மானிக்கப்படுவன. ஆகவே, ஒவ்வொரு யந்திரமும் செய்கிறவனுக்கு ஒரு புதுப் பாடம். நமது டர்பைன், நமது கப்பல், நமது பீரங்கி ஆகியவற்றின் தேவைகளிலிருந்து பிறக்கும் அந்த அறிவை நாம் ஒவ்வொரு முறையும் விலையும் கொடுத்து, அந்நியனிடத்திலேயே சேர்த்து வைக்கிறோம். யந்திரத்தின் விலையைக் கணக்கிடும் அதிகாரிகள் இந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுகிறார்கள்?

சீனர் இதனை அறிந்தவர்கள். கனரக யந்திரங்கள் செய்வதிற் பேர்பெற்ற ஜெர்மானிய தேசத்து வால்ட்ரிக் கோபர்க் கம்பெனியை 2005-ல் பீக்கிங் யந்திரத் தொழிற்சாலையொன்று விலைக்கு வாங்கிற்று. யந்திரத்தோடு நில்லாமல் அதைச் செய்யும் வித்தையையும் வாங்கிக்கொண்டது.

அந்நிய யந்திரத்தைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இன்றைய நிலையில் அது இயலாது. முயன்றால் நமது தொழில்களே நலியும். சுதேசி என்ற பெயரால் மட்டமான வேலையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறவில்லை. போல்ட்டன் வில்கின்ஸனைப் பாராட்டியது அவர் இங்கிலீஷ்காரர் என்பதற்காக அன்று. துளை நேராக இருந்ததற்காகவேயாகும். நாம் வேண்டுவது பின்வருமாறு:

முதலாவது, ராஞ்சித் தொழிலாளிகளின் சம்பளப் பாக்கி ஒரு பைசாவும் மிச்சமின்றித் தீர்க்கப்பட வேண்டும். அந்த ஸ்தாபனத்தை நடத்துவதானால், அதற்கு நிலையான தலைமையும் நடைமுறை மூலதனமும் அளித்து நடத்தவேண்டும். இல்லையேல் அதைப் பார்லிமெண்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பட்டினி போட்டுச் சாகவிடுவது ராஜநீதியாகாது.

இரண்டாவது, ரயில்வே, இரும்பாலை, கப்பற்றளம், மின்சாரம், ராணுவத் தளவாடம் ஆகிய பொதுத்துறைகள் தங்களுக்குத் தேவைப்படும் பெரிய யந்திரங்களை ஐந்தாண்டுகளுக்கு முன்னதாகவே பிரசுரிக்க வேண்டும். அவற்றில் ஒரு பங்கை இத்தேசத்துக் கம்பெனிகளிடம் கொடுத்து, தவணை தவறினால் தண்டமும் விதிக்க வேண்டும். சிறிய, நடுத்தர யந்திரங்களைப் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் நம்மவர் திறம்படச் செய்து வருகின்றனர். ஆர்டர் நிச்சயமென்று தெரிந்தால் அவர்கள் அடுத்த படி ஏறத் தயங்கமாட்டார்கள். அந்நியரிடம் வாங்கும்போதும், அமைப்பு வேலையில் நம் எஞ்சினீயர்கள் உடனிருந்து கற்பதை ஒப்பந்தத்தின் ஷரத்தாக எழுதவேண்டும்.

மூன்றாவது, நம் தொழிற்சாலைகளிலுள்ள பழைய யந்திரங்களைக் காயலான் சரக்காக விற்றுவிடலாகாது. அடித்தளமும் தூணும் திடமாக இருப்பவற்றிற்குப் புதிய மின்னணுக் கட்டுப்பாட்டைப் பொருத்திப் புதுப்பிக்கலாம். இவ்வேலை புது யந்திரம் செய்வதற்கு நல்ல பயிற்சியுமாகும்.

இறுதியாக ஒன்று. இந்த யந்திரத்தின் வழித்தடங்களை மயிரிழை பிசகாமல் கையாற் சுரண்டிச் சமன்செய்யும் தொழிலாளியின் வித்தை புத்தகத்தில் இல்லை. பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் பழகினாலன்றி அது வராது. சம்பளமின்றி மனமுடைந்து அவன் வெளியேறினால், அல்லது சிஷ்யனின்றி ஓய்வுபெற்றால், எத்தனை கோடி கொடுத்தாலும் அவ்வித்தை உடனே திரும்பாது. இங்கிலாந்து ஒரு காலத்தில் தன் தொழிலாளியைச் சட்டத்தினாற் கட்டிவைத்தது. அவ்விதச் சட்டம் நமக்கு வேண்டாம். உழைத்த மாதத்திற்கு உரிய கூலியைக் கொடுத்து அவனை மானத்தோடு வைத்திருந்தாலே போதும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களும், தொழிற்சங்கத் தலைவர்களும், தேசத்தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களும் இவ்விஷயத்தைக் கையிலெடுத்துச் சர்க்காரை விடாது கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.