இரு கோரைகள்

ராஜபாளையத்துப் பருத்திக் காட்டில் சம்சாரி ஏசுவதும் கோரையைத்தான். இரவில் வீட்டில் விரித்துப் படுப்பதும் கோரைதான். இரண்டும் ஒன்றா என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. அல்ல. தாவர நூலார் இரண்டையும் சைபரஸ் என்னும் ஒரே குலத்தில் சேர்த்திருக்கிறார்கள்; உறவு அவ்வளவே.

காட்டுக் கோரை முழங்காலுக்கு மேல் வளருவது அபூர்வம். பூங்கொத்து செம்பழுப்பு நிறம். அதன் சாமர்த்தியமெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஜபமாலை மணிகளைப் போலக் கிழங்குகளைக் கோத்து வைத்திருக்கும். மேலே அறுத்தால் கீழிருந்து துளிர்க்கும். ஈரத்தில் உழுதாலோ மாலை அறுந்து, மணிக்கு மணி தனிக் குடித்தனம் தொடங்கிவிடும்! சித்த வைத்தியர் மட்டும் அதனை முத்தக்காசு என்று மரியாதையாக அழைக்கிறார்.

பாய்க் கோரை நீர்க்கரையில் மார்பளவு ஓங்கும். அதற்குக் கிழங்கு மாலை கிடையாது. அதன் தண்டைக் கீறி, நீரில் ஊறவைத்து, பத்தமடையில் நெய்யும் பாய் பட்டுப்போல் மடியும்.

ஆகவே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் கோரையைக் கண்டதும் களை என்று வெட்டிவிட வேண்டாம். முதலில் அடியைத் தோண்டிப் பாருங்கள். காட்டில் கிழங்கு கண்டவர்களோ களைவெட்டுக் கூலியை மட்டும் நம்பாமல், கோடையுழவு போட்டு, கிழங்குகளைச் சித்திரை வெயிலில் காயவிட வேண்டும். நனைந்த மண்ணில் மட்டும் ஏரைப் பூட்டாதீர்கள்.