நடு எங்கே இருக்கிறது?

நீதி என்றால் நடுநிலை என்கிறார்கள். எது நடு? யார் அளந்து குறித்த நடு?

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் ஒரு வழி சொன்னார்: நீ யாராகப் பிறப்பாய் என்பதை மறைக்கும் திரைக்குப் பின்னால் நின்று சமூகத்துக்கு விதி செய். தானே சேரியில் பிறக்கலாம் என்றால் எவனும் சேரிக்குக் கேடாக எழுதமாட்டான். நல்ல யோசனைதான். ஆனா அந்தத் திரையை யாரு போட்டுக்கிறா?

கீழவெண்மணி, 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட சனங்களின் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்தன. கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனுசர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைப்பார்கள் என்பது நம்பும்படி இல்லையாம்! மிராசுதார் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த பார்வை இது.

திண்டுக்கல்லில் நான் உட்காரும் வங்கிக் கவுண்டரில் கடன் விதி சாதி கேட்பதில்லை. ஈடு கேட்கும், நிலப் பத்திரம் கேட்கும். பத்திரம் யார் கையில் இருக்கணும்னு சாதி எப்பவோ முடிவு பண்ணிருச்சு. கண்ணை மூடிக்கொண்ட விதியும் பழைய கணக்கையே எழுதுகிறது.

பழகிப்போன நம் வழக்கங்களைச் சோதிக்க வெளியிலிருந்தும் கண்கள் வேண்டும் என்று 2009இல் எழுதினார் அமர்த்தியா சென். அவ்வளவு தூரம் போகவேண்டாம் தோழர்களே, ஊருக்கு வெளியே சேரி இருக்கிறது. எந்தத் தீர்ப்பையும் அங்கே நின்று வாசியுங்கள். அங்கிருந்தும் நியாயமாகத் தெரிந்தால், அப்ப சொல்லலாம் நடுநிலைன்னு.